பட்டு நெய்யும் கை, பிரேக் பிடிக்கும் விரல்: ஆரணியிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஒரு சைக்கிள் இறக்கம்

ஆரணி என்றால் பட்டு. அடுத்தது அரிசி. கல்யாணப் புடவை எடுக்க வேன் பிடித்து வரும் குடும்பங்களும், அரிசி ஆலை வாசலில் மூட்டை ஏற்றும் லாரிக்காரர்களும்தான் இந்த ஊருக்கு வாடிக்கையாக வரும் வெளியூர்க்காரர்கள். வரலாறு பிடித்தவர்கள் என்றால், 1751-ல் ராபர்ட் கிளைவ் சண்டை போட்ட ஊர் என்று கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார்கள். சைக்கிளோடு வந்து இறங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால், மழை விட்ட மறுநாள் காலையில் ஆரணியில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி மேற்கே பாருங்கள். வானத்தின் அடியில் நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஆரணியை ஒட்டிப் போகும் கமண்டல நாகநதிக்கும், செய்யாற்றுக்கும் பிறந்த வீடு இந்த மலைதான்.

அந்த நீலக் கோட்டின் மேலிருந்து கீழே வரை சைக்கிளில் இறங்கலாம் என்று ஒரு குழு கிளம்புவதாகக் கேள்விப்பட்டதும், 'நானும் வரேன்' என்று சொல்லிவிட்டேன்.

ஏழு பேர், ஒரு குட்டியானை

குழுவில் என்னையும் சேர்த்து ஏழு பேர். வழிநடத்துபவர் வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் 'பி.டி. சார்'. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு அண்ணன், அவருடைய மனைவி. செய்யாறில் மொபைல் கடை வைத்திருப்பவர் ஒருவர். ஆரணியைச் சேர்ந்த பட்டு நெசவாளர் ஒருவர். அவருடைய அக்கா மகன், கல்லூரி மாணவன். பெயர் போட வேண்டாம் என்று நெசவாளர் கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'தறி அண்ணன்'தான். குழுவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதல் நாள் சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். முன்கூடத்திலேயே குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால் இரண்டும் மிதியில் இருக்க, இடுப்புக்கு மேல் மட்டும்தான் அண்ணன் வெளியே தெரிந்தார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து தொங்கும் அட்டைகள். தறியில் அரக்கு நிறச் சேலை, பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

"இன்னா பாப்பா, தறியப் பாக்க வந்தியா, மலையப் பாக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே நாடாவை வீசினார். வலது கை கயிற்றைச் சுண்டுகிறது, நாடா பறக்கிறது, இடது கை பலகையை இழுத்து அடிக்கிறது, கால் மிதி மாறுகிறது. பேச்சு நிற்கவில்லை, தறியும் நிற்கவில்லை. நடுவில் ஒரு பாவு இழை அறுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஏதோ செய்தன. நான் குனிந்து பார்ப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி என்று கேட்டேன். "எண்ணிப் பாத்தா நெய்ய முடியாது" என்றார்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரம் பட்டைவிட எடை கொஞ்சம் குறைவு, கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடலாம் என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த அரக்குச் சேலை தை முகூர்த்தத்துக்கானது. பத்து நாளில் தறியிலிருந்து இறங்க வேண்டும். சேலைக்கு இத்தனை என்றுதான் கூலி. தறி ஓடாத நாளுக்குக் காசு கிடையாது.

தறிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றது அவருடைய மலைச் சைக்கிள். இரண்டாவது கையாக வாங்கியது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன். குழிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டபோது, நடக்கவாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். நடப்பதற்குப் போரடித்து சைக்கிள் எடுத்தவர், நாலு வருஷத்தில் மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

டீ கொண்டு வந்த அண்ணி என்னிடம்தான் சொன்னார், அவர் காதில் விழும்படி. "கை, கால் எது வேணா சிராய்ச்சிக்கட்டும். மணிக்கட்டு மட்டும் பத்திரமா வரணும்னு சொல்லும்மா. அது போனா இந்த வீடு போச்சு."

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு குட்டியானை வந்து நின்றது. ஏழு சைக்கிளையும் அதில் நிறுத்தி, நடுநடுவே பழைய கோணிப்பை வைத்துக் கட்டினோம். ஒரு சைக்கிளின் பிரேக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. தறி அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்தார். கழிவாகிப்போன பட்டு இழை. நாலு சுற்று, ஒரு முடிச்சு. "ஒயருக்கு இத விடக் கெட்டி எதுவும் இல்ல" என்று சுருளை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டி கிளம்பும்போது ஒரு தெருவில் சுற்றிப் போகச் சொன்னார்கள். அங்கே தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். இருட்டில், தெருவிளக்கின் அடியில், ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் அந்த நேரத்திலேயே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆரணியில் ஹார்ன் அடித்தாலும் வழி கிடைக்காத இடம் அது ஒன்றுதான்.

மலைக்கு மேல்

ஆரணியிலிருந்து களம்பூர், போளூர். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலைச்சாலை. ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது பல் தந்தியடித்தது. தை மாதக் குளிர். டீக்கடையில் சாமைப் பொங்கல் கிடைத்தது. ஜவ்வாது மலைச் சாமைக்கு இப்போது நகரத்து ஆர்கானிக் கடைகளில் தனி மவுசு. இங்கே அது வீட்டுச் சோறு. மலையாளி பழங்குடி மக்கள் பல தலைமுறையாகப் பயிரிட்டுச் சாப்பிட்டு வருவது. (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்.)

இங்கிருந்து ஆலங்காயம் போகும் வழியில்தான் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு அங்கே போக நேரமில்லை. உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போய் வாருங்கள்.

எங்கள் பாதை ஆரம்பிக்கும் குக்கிராமத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த ஊர்ப் பெரியவர் கேட்டுக்கொண்டது அது. "நீங்க ஏழு பேரு வர்றீங்க, சொல்லிட்டு வர்றீங்க. சரி. போன்ல போட்டுட்டீங்கன்னா எழுவது பேரு வருவான், சொல்லாம வருவான்" என்றார். நியாயமான பேச்சு. கிழக்குச் சரிவில், அத்திமூர்ப் பக்கமாக இறங்கும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதை என்பதோடு விடுகிறேன். சாலை வருவதற்கு முன்பு புளியும் கடுக்காயும் பலாப்பழமும் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறங்கிய வழி. இன்றும் ஆடு மேய்ப்பவர்கள் நடக்கிறார்கள்.

சொல்லிவிட்டுப் போவதில் இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப் பாதைகளுக்கு அனுமதி விதிகள் கடுமையாகிவிட்டன. பி.டி. சார் இரண்டு வாரத்துக்கு முன்பே வனத்துறையிடம் பேசி, எங்கே ஏறி எங்கே இறங்குவோம், யார் யார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு, முதுகில் பையோடு காட்டுக்குள் நடக்கும் அந்நியரைப் பார்த்தால் இந்த மலைக்காரர்களுக்கு வேறு ஞாபகங்களும் வரும். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழர்கள். அதில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தையும் இந்த மலையையும் சேர்ந்தவர்கள். டீக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால், "பையில இன்னா?" என்று ஒருவர் கேட்டார், நாங்கள் திறந்து காட்டினோம்.

பிரேக்கில் புகை வந்த கதை

டவுன்ஹில் என்றால் பெடல் மிதிக்காமல் சும்மா உருண்டு வருவதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். நானும் பயிற்சிக்குப் போகும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். பயிற்சியில் முதல் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தது முழுக்க பிரேக்கைப் பற்றித்தான்.

இந்த விளையாட்டு பிறந்ததே பிரேக்கால்தான் என்று சொல்லலாம். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டாமல்பைஸ் மலையைச் சுற்றியிருந்த இளைஞர்கள் சிலர், 1930, 40-களின் கனமான பழைய சைக்கிள்களைக் குப்பையிலிருந்து எடுத்துச் சரிசெய்து மலை உச்சியிலிருந்து ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் அதை ஒரு பந்தயமாக நடத்தினார்கள். சுமார் மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் சரிவு. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கும்பலில் இருந்த ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். கேரி ஃபிஷர் பெயரில் பின்னாளில் கம்பெனியே வந்தது. 1990-ல் உலக சாம்பியன்ஷிப், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளின் கிராஸ் கன்ட்ரி பிரிவு. டவுன்ஹில் மட்டும் இன்னும் ஒலிம்பிக் வாசலில்தான் நிற்கிறது.

இப்போது டிஸ்க் பிரேக். ஒரு விரல் போதும். ஒரு விரல்தான் பிடிக்கவும் வேண்டும், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விடக் கூடாது. சீட்டை முழுக்க இறக்கிவிட வேண்டும். பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, உடம்பு சீட்டுக்கு மேலே மிதக்க, முழங்கையும் முழங்காலும் தளர்ந்திருக்க வேண்டும். சறுக்கும் சரிவில் இடுப்பு பின்னால் போக வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவில் பிடித்தால் சக்கரம் வழுக்கும். டயரில் காற்று கொஞ்சம் குறைவாக. எல்லாவற்றையும்விட, பயப்படும் கல்லைப் பார்க்கக் கூடாது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். இந்தக் கடைசி விஷயம் புத்திக்குப் புரிந்து, கண்ணுக்குப் புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

இறக்கம்

முதல் பகுதி சுகம். செம்மண் பாதை, வண்டி போகும் அகலம். இருபுறமும் அறுவடை முடிந்த சாமைக் கொல்லை. அங்கங்கே ஒற்றைப் பலா மரம், தண்டோடு ஒட்டி விரல் நீளப் பிஞ்சுகள். களத்தில் தூற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்கள் ஹெல்மெட்டையும் முழங்கால் கவசத்தையும் பார்த்து, "சண்டைக்குப் போறீங்களா கண்ணு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது.

அங்கிருந்து பாதை ஒற்றையடி ஆனது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி முழங்கையைக் கீறியது. அப்புறம் கற்படி.

யாரும் செதுக்கிய படி அல்ல. பாறை அடுக்கடுக்காக உடைந்து, நூறு வருஷக் காலடியில் வழுவழுப்பாகி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்குகிறது. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். நீளம் ஐம்பது அறுபது மீட்டர் இருக்கலாம். இடப்பக்கம் பாறைச் சுவர். வலப்பக்கம் பள்ளம், மரத்தின் தலை தெரிந்தது, அடி தெரியவில்லை. நடுவில் ஒரு கொண்டை ஊசித் திருப்பம்.

எல்லோரும் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு நடந்து கீழே போய்ப் பார்த்தோம். பி.டி. சாரின் கண்டிப்பான சட்டம் அது. நடந்து பார்க்காத இடத்தில் ஓட்டக் கூடாது. அவர் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். "இந்தப் படி வரைக்கும் சுவரை ஒட்டி. இங்கே முன் சக்கரத்தை விட்டுடுங்க, பிடிக்காதீங்க. திருப்பத்துல பின் பிரேக் மட்டும். சந்தேகம் வந்தா மேலேயே இறங்கிடுங்க, நடுவுல முடிவை மாத்தாதீங்க." பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார், ஓட்டுகிறீர்களா, தள்ளுகிறீர்களா என்று.

நான் 'தள்ளுகிறேன்' என்றேன். ஐ.டி. அண்ணனின் மனைவியும். மொபைல் கடைக்காரர் மீசையைத் தடவிவிட்டு ஓட்டுவதாகச் சொன்னார். தறி அண்ணன் படிகளை ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு முறை ஏறி இறங்கினார். அவரால் முடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குழுவில் பி.டி. சாருக்கு அடுத்தபடி நிதானமாக ஓட்டுபவர் அவர்தான்.

"தள்ளிக்கினு வரேன் சார்."

"மாமா, போன தடவை இதைவிடப் பெரிசு ஓட்டினியே!" என்றான் அக்கா மகன்.

"அப்ப தறியில சேலை இல்லடா. பாவு மாத்துற நேரம்."

வேறு எதுவும் சொல்லவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். அந்தப் பையன் ஓட்டினான். திருப்பத்தில் பின் சக்கரம் ஒரு சாண் நழுவியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கீழே நின்று கத்திக்கொண்டிருந்தான். ஐ.டி. அண்ணன் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள தன் வண்டியில் தண்ணீர் மாதிரி வழிந்து வந்தார். மொபைல் கடைக்காரர் பாதியில் ஒரு முறை சுவரில் தோளை உரசி நின்று, மூச்சு வாங்கி, மீதியை முடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு காய்ந்த ஓடை. உருண்டைக் கற்கள், சக்கரம் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே உருளும் கற்கள். இங்கே வேகம் குறைத்தால் புதைந்துவிடும், கூட்டினால் ஹேண்டில்பார் கையில் நிற்காது. கை விரல்கள் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்கிறோமா இல்லையா என்பதே தெரியாத ஒரு கட்டம் வருகிறது. இரண்டு முறை நின்று கையை உதறினோம். தறி அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டார், தறியை விட்டு எழும்போது செய்வது போலவே.

நேரான பாதையில்

விழுந்தது கற்படியிலும் இல்லை, ஓடையிலும் இல்லை. மலை முடிந்துவிட்டது. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, குழந்தைகூட ஓட்டும் மண் பாதை. ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. எல்லோரும் பேசிக்கொண்டு, ஒரு கையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தோம். புதரிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. ஐ.டி. அண்ணன் ஒரே கையால் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தவர் முதலில் சிரித்தார். பிறகு இடது மணிக்கட்டைப் பார்த்தார். அது கோணலாக இருந்தது. அக்கா வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

பி.டி. சார் பையைத் திறந்தார். கையை நேராக்க முயலவில்லை, இருக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் தட்டைக் குச்சி வைத்து, பஞ்சு வைத்து, துணிப்பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் தறி அண்ணன் "மோதிரம்" என்றார்.

இடது கை மோதிர விரலில் கல்யாண மோதிரம். விரல்கள் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தன. வீக்கம் ஏற ஏற மோதிரம் விரலை இறுக்கும், ரத்த ஓட்டம் நிற்கும், கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இழுத்துப் பார்த்தார்கள், முட்டியைத் தாண்டி வரவில்லை. சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. சங்கிலிக்குப் போடும் எண்ணெய் குட்டியானையிலேயே தங்கிவிட்டது.

தறி அண்ணன் சட்டைப் பையிலிருந்து காலையில் பார்த்த அதே பட்டுச் சுருளை எடுத்தார். இழையின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கமாக இழுத்துவிட்டார். மறு முனையை மோதிரத்தை ஒட்டினாற்போல விரலைச் சுற்றி, இடைவெளியே இல்லாமல், ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்றாக, முட்டியைத் தாண்டும் வரை சுற்றினார். வீங்கிய விரல் அந்தச் சுற்றுக்குள் அமுங்கியது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு வரிசையாக வேறு யார் சுற்றியிருந்தாலும் அந்த அண்ணன் அலறியிருப்பார். பிறகு உள்ளங்கைப் பக்கம் விட்டிருந்த முனையைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார். இழை பிரியப் பிரிய மோதிரம் அதன் மேல் ஏறி, ஒவ்வொரு சுற்றாக முன்னால் நகர்ந்தது. முட்டியில் ஒரு நொடி நின்றது. நழுவியது. அக்கா கையில் கொடுத்தார்.

இது மருத்துவர்களும் செய்யும் முறைதான் என்று பிற்பாடு தெரிந்தது. நல்ல கெட்டியான நூல் போதும். தறி அண்ணனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "எங்க தெருவுல கல்யாணமான பொண்ணுங்களுக்கு மாசமாயிருக்கச் சொல்ல விரல் வீங்கும். எங்கம்மா இப்படித்தான் எடுப்பாங்க."

ஊரிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஒருவர் அண்ணனை உட்கார வைத்துச் சாலை வரை கொண்டு போனார், இன்னொருவர் அவருடைய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். "இதுவா ரெண்டு லட்சம்?" என்று மூன்று முறை கேட்டார். போளூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து டீ குடித்தபோது ஐ.டி. அண்ணன் ஆபீசுக்குப் போன் செய்தார். மருத்துவ விடுப்பு, பிறகு வீட்டிலிருந்தே வேலை, மேனேஜர் நலம் விசாரித்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தறி அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே தன் இரண்டு கைகளையும் டீ கிளாஸைச் சுற்றி வைத்திருந்தார். அந்த ஆறு வாரத்தை அவர் மனதுக்குள் சேலைகளாக எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை. கைத்தறிக்காரர்களுக்கும் காப்பீட்டுத் திட்டங்கள் காகிதத்தில் உண்டு. அது கைக்கு வரும் நாள் வரை, முகூர்த்தம் காத்திருக்காது.

போக நினைப்பவர்களுக்கு

காட்டுப் பாதையை விடுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கும் தார்ச்சாலையே போதுமான சாகசம். வளைவுகளில் பஸ் வரும், இடப்பக்கத்தை விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும். பங்குனி, சித்திரையில் வெயிலும் காட்டுத்தீ பயமும் உண்டு. மார்கழியும் தையும் சரியான காலம். ரயிலில் வருபவர்கள் விழுப்புரம் - காட்பாடி பாதையில் ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கலாம். அது ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. இரவு வந்து இறங்கி ஆட்டோ தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். முதலுதவிப் பையில் ஒரு நூல்கண்டும் இருக்கட்டும். மலை ஊர்களில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். தேன், சாமை, புளி வாங்குவதென்றால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிப்பதற்கு முன்பு தறி அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அரக்குச் சேலை சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே இறங்கிவிட்டதாம், இப்போது ஓடுவது மயில் கழுத்து நிறம். ஐ.டி. அண்ணனுக்கு மாசிக் கடைசியில் கட்டுப் பிரிக்கிறார்கள். அக்கா ஆரணிக்கு வந்து ஒரு சேலை எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சைக்கிள் உண்டா என்று கேட்டேன்.

"பாவு முடியற நாளாப் பாத்து வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.